சங்குமுனையின் வெள்ளை மந்திலா

சங்குமுனையில் பெண்களின் ஜெபங்கள் மேலே போகாமல் தலை முக்காட்டிலேயே மாட்டிக்கொள்ளத் தொடங்கியது, லாஞ்சு முதலாளி கஸ்பார் வில்லவராயரின் தம்பி கப்பல் வேலையிலிருந்து லீவில் வந்தபோது தன் மதினி எவுஜினம்மாளுக்கு ஸ்பெயின் தேசத்திலிருந்து இரண்டு மந்திலா வாங்கிவந்த வருஷத்தில்தான். மந்திலா என்றால் வேறொன்றுமில்லை, அந்தத் தேசத்துப் பெண்கள் கோயிலுக்குப் போகும்போது தலையில் போட்டுக்கொள்ளும் பின்னல் துணி, பூவும் கொடியுமாகப் பின்னி நூலைவிட ஓட்டையை அதிகமாக விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். கறுப்பில் ஒன்று எவுஜினம்மாளுக்கு, வெள்ளையில் ஒன்று வரப்போகிற மருமகளுக்கு. கூடவே அதைத் தூக்கி நிறுத்துவதற்கென்று ஆளுக்கொரு சீப்பு, ஆமை ஓட்டு நிறத்தில், துடுப்பின் அகலத்தில், கொண்டையில் செருகினால் தலைக்கு மேல் ஒரு முழம் நிற்கும். அந்தச் சீப்பைச் செருகி அதன்மேல் கறுப்பு மந்திலாவை விரித்துக்கொண்டு எவுஜினம்மாள் முதல் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் நுழைந்தபோது பாய் விரித்த தோணி ஒன்று நடுவழியில் வருவதாகத்தான் எல்லோருக்கும் பட்டது. அவள் முன்வரிசையில் முழங்கால் போட்டதும் பின்னால் இருந்தவர்களுக்குப் பீடம் தெரியவில்லை, சாமியார் தெரியவில்லை, சுவரில் இருந்த மாதா சுரூபம் தெரியவில்லை, தெரிந்ததெல்லாம் எவுஜினம்மாள். அவளுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

கொழுந்தன் பாவம், அங்கேயெல்லாம் பெரிய வியாழனுக்கும் திருநாளுக்கும்தான் இதைப் போடுவார்கள் மதினி என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். நான் போகிற நாளெல்லாம் திருநாள்தான் என்று அவள் சொல்லிவிட்டாள். சித்திரை வெயிலில், மின்விசிறி சுற்றாத கோயிலில், கழுத்து வேர்த்து வழிய, சீப்பு சாயாமல் இருக்கத் தலையை ஒரு பக்கமும் திருப்பாமல், கல்லில் அடித்தது மாதிரி உட்கார்ந்திருந்தாள். அதைப் பக்தி என்று சாமியார் பிரசங்கத்தில் பாராட்டினார்.

அன்று மத்தியானம் அவள் மந்திலாவைக் கொல்லைக் கொடியில் காயப்போட்டிருக்கிறாள். கடல் பக்கமிருந்து கொண்டல் காற்று வந்து அதை ஓர் உதறு உதறியிருக்கிறது. உதறியதும் அதிலிருந்து எவுஜினம்மாளின் குரல் தெளிவாக விழுந்தது. "மாதாவே, என் ஓரகத்தி வீட்டு மாடியவிட எங்க மாடி ஒரு முழமாவது ஒசரமா இருக்கணும். எல்லாரும் என் தலையப் பாத்தாவளா? பின்வரிசைல உள்ளவியளும் பாத்தாவளா?" ஓரகத்தி அடுத்த கொல்லையில்தான் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானச் சோறு வேகுமுன் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

துணி எப்படிப் பேசும் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. கடற்கரையில் வலை பின்னி வலை உதறி வலையிலேயே தூங்குகிற ஆண்கள் நாலைந்து பேர் வந்து மந்திலாவின் கண்ணை விரலால் அளந்து பார்த்தார்கள். சாளை வலையைவிடக் கொஞ்சம் சின்னக் கண் என்று முடிவு செய்தார்கள். ஆகவே மனப்பாடமாகச் சொல்லுகிற பிரியதத்த மந்திரமும் பிரார்த்தனையும் பொடிமீன் மாதிரி ஒழுகி மேலே போய்விடும், வயிற்றிலிருந்து வருகிற ஆசைதான் செவுளில் மாட்டிக்கொள்ளும் என்று விளக்கமும் சொன்னார்கள். விளக்கம் கிடைத்ததும் ஊர் அமைதியாகிவிட்டது. சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்ட காலத்தில் எங்கள் பெண்களின் ஜெபம் தாராளமாக மேலே போய்க்கொண்டுதான் இருந்தது. போய் என்ன ஆனது என்று என்னைக் கேட்காதீர்கள், அதை அங்கே உள்ளவர்களிடம் கேட்கவேண்டும்.

எவுஜினம்மாள் வெட்கப்பட்டு மந்திலாவைப் பெட்டிக்குள் வைத்துவிடுவாள் என்று நான் நினைத்தேன். எனக்கு இன்னும் இந்த ஊரைப் பற்றித் தெரியவில்லை. அவள் அடுத்த ஞாயிறும் அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தாள், தன் மனதில் ஒளிவு மறைவு கிடையாது என்று வாசலில் நின்று சொன்னாள், சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு வந்தவர்களைப் பார்த்து, இவர்களெல்லாம் உள்ளுக்குள் என்னத்தைக் கேட்கிறார்களோ ஆண்டவருக்குத்தான் வெளிச்சம் என்றாள். அவ்வளவுதான். சேலை முக்காடு அன்றைக்கே சந்தேகத்துக்கு உரியதாகிவிட்டது. வசதி உள்ளவர்கள், வசதி உள்ளவர்களாகத் தெரிய விரும்பியவர்கள், மாமியாருக்குப் பயந்தவர்கள் என்று எல்லோரும் தூத்துக்குடி ஜவுளிக்கடைகளுக்கு ஓடி, ஜன்னல் திரைத்துணியிலும் கொசுவலையிலும் ஆளுக்கொரு மந்திலா தைத்துக்கொண்டார்கள். சீப்புக்குப் பதில் கொண்டையில் தேங்காய்ச் சிரட்டையைச் செருகியவர்களும் உண்டு. கொசுவலையின் பொடிக் கண்ணில் ஒரு ஜெபமும் தலையை நுழைத்து மாட்டாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் தைரியமாகப் போட்டார்கள்.

எவுஜினம்மாளின் மந்திலாவில்தான் உண்மையாகவே மாட்டும் என்பதால் ஊர்க் கமிட்டி அதைக் கையில் எடுத்துக்கொண்டது. கமிட்டித் தலைவர் யார்? கஸ்பார் வில்லவராயர். பிறகென்ன. எவளாவது பொய் சொல்கிறாள் என்று எவனாவது சொன்னால், அவள் தலையில் கறுப்பு மந்திலாவைப் போட்டுப் பூசையில் உட்கார வைப்பார்கள். பூசை முடிந்ததும் கொடிமரத்துக்குக் கீழே, கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை ஒரு முனையையும் கமிட்டி ஆள் ஒருவர் மறு முனையையும் பிடித்து, சாளை வலையை உதறுகிற மாதிரி உதறுவார்கள். விழுகிறதை ஊர் கேட்கும். கடலைவண்டிக்காரர் ஞாயிறு தவறாமல் வந்துவிடுவார். கோழி களவு போனது, மருமகளுக்கு நிஜமாகவே வயிற்றுவலியா, புருஷன் கடலுக்குப் போன நேரத்தில் இவள் ஏன் சிரித்தாள், எல்லாம் அங்கேதான் தீர்ந்தது. ஆண்களின் தலையிலும் ஒருநாள் இதைப் போட்டுப் பார்க்கலாமே என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டபோது கமிட்டி ரொம்ப நேரம் சிரித்தது, சிரித்து முடித்ததும் ஆண்கள் கோயிலில் தலையை மூடக்கூடாது என்பது வேதத்திலேயே இருக்கிறது என்றது, அதோடு அந்தப் பேச்சு நின்றது.

இதில் ஒரு பழக்கம் வந்து சேர்ந்தது. கடலில் எத்தனை மீன் இருந்தாலும் வலையில் ஏறியதைத்தான் கரையில் ஏலம் போடமுடியும், ஏறாததைப் பற்றிப் பேசுகிறவனைக் கிறுக்கன் என்போம். அதேபோல மந்திலாவில் விழாததை எவள் சொன்னாலும் ஊர் காதில் வாங்குவதை நிறுத்திவிட்டது. ஒருத்தி புருஷனிடம் காய்ச்சலாக இருக்கிறது என்றால், ஞாயிற்றுக்கிழமை உதறிப் பார்ப்போம் என்றான். ஒருத்தி மகனிடம் பசிக்கிறது என்றால், அதையும் உதறிப் பார்ப்போம் என்றான். சொன்னவள் முகத்தைப் பார்ப்பதையே மறந்துபோனார்கள், தலைக்கு மேலே பார்த்துப் பேசினார்கள்.

இப்படிப்பட்ட ஊரில்தான் மதலேனுக்குக் கலியாணம் பேசினார்கள்.

மதலேன், கஸ்பாரின் லாஞ்சில் டிரைவராக இருந்த வியாகுலத்தின் ஒரே மகள். லோடு ஆட்டோ ஓட்டுகிறவள். ஐஸ் கம்பெனியிலிருந்து கரைக்கு ஐஸும் கரையிலிருந்து தூத்துக்குடி மார்க்கெட்டுக்கு மீனும் ஏற்றிப்போவாள். ஐஸ் உடைக்கிற இரைச்சலுக்கு நடுவில் பேசிப் பேசி அவளுக்குக் குரல் உச்சத்தில்தான் வரும், அடுத்த தெருவில் நின்றாலும் கேட்கும். கஸ்பாருக்கும் எவுஜினம்மாளுக்கும் ஒரு மகன், லெயோன். ஒரு மகள், அசுந்தா. ஒருநாள் லெயோன் பைக்கில் வந்து ஆரன் அடித்தபோது மதலேன் ஒதுங்கி வழி விடவில்லை, பின்னால் ஐஸ் இருந்தது, உருகினால் யார் பொறுப்பு. வழி விடாதவளை வீட்டுக்குள் உட்காரவைத்துக் காட்டவேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. அதற்குக் காதல் என்று பெயர் வைத்து அம்மாவிடம் சொன்னான்.

மதலேனுக்கு அவனைப் பிடிக்காததற்குக் காரணம் பைக் அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன் அசுந்தா ஏதோ பேச்சுக்கு அண்ணனைப் பார்த்துச் சிரித்துவிட்டாள், அவன் அவள் கையைப் பிடித்து முறுக்கினான், முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று வீட்டில் சொன்னார்கள். ஆட்டோவில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் உட்காரவைத்து எலும்பு வைத்தியரிடம் கூட்டிப்போனவள் மதலேன், வழி நெடுக நடந்ததைக் கேட்டுக்கொண்டு போனவளும் அவள்தான். அசுந்தாவின் கை அப்புறம் முழுதாக நீளவே இல்லை. ஊருக்கும் இது தெரியும். தெரியாது என்று சொல்லத் தெரிந்துவைத்திருந்தது, அவ்வளவுதான். அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனால் தனக்கு எந்த எலும்பு மிஞ்சும் என்பது ஒன்றுதான் மதலேனின் கவலை.

வீட்டில் சொல்லிப் பார்த்தாள். வியாகுலம் தலையைக் குனிந்துகொண்டார். நடுக்கடலில் எஞ்சின் நின்றாலும் கலங்காத மனுஷன், முதலாளி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறபோதே பாதி ஆளாகிவிடுவார். அம்மா சூசையம்மாள் அழுதாள், பெரிய இடம் என்றாள், கொஞ்சநேரம் கழித்து, மந்திலாவில் விழுந்தால் பார்ப்போம் என்றாள்.

எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் கலியாணம், தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று சாமியார் வாசிப்பார், வாசித்துவிட்டு மூச்சு விடாமல் அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார். மூன்று ஓலைக்கும் மதலேன் வெள்ளை மந்திலாவைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் தன் பக்கத்தில் உட்காரவேண்டும் என்றாள் எவுஜினம்மாள். அப்படியே சீப்பைச் செருகிக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். கறுப்புக்கும் வெள்ளைக்கும் பின்னால் இருந்த நாங்கள் அன்று பூசையைக் காதால் மட்டும்தான் கண்டோம்.

முதல் ஓலை வாசித்த அன்று கொடிமரத்தடியில் வெள்ளை மந்திலாவை உதறினார்கள். மதலேனின் குரல் விழுந்தது. ஜெபத்திலும் அவளுக்குக் குரல் உச்சம்தான். "மாதாவே, லெயோனுக்கு என்னக் கட்டிக் குடுக்க விடாதிய. அவன் கை சும்மா இருக்காது. நான் எங்கயாவது ஐஸ் ஏத்திப் பொழச்சிக்கிடுதேன்."

இதைவிடத் தெளிவாக என்ன விழவேண்டும்? கோழித் திருட்டுக்கெல்லாம் இதில் கால்வாசி போதுமாக இருந்தது. ஆனால் கஸ்பார் தொண்டையைச் செருமினார், கமிட்டி யோசனையில் ஆழ்ந்தது. எவுஜினம்மாள்தான் முதலில் சமாளித்தாள். கன்னிப்பெண் என்றால் அப்படித்தான் சொல்லும், தானும் தன் கலியாணத்துக்கு முந்திய நாள் இப்படித்தான் அழுததாகவும் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதாகவும் சொன்னாள். சரியாகிவிட்டதா என்று யாரும் கஸ்பாரைப் பார்க்கவில்லை. சாமியாரிடம் கேட்டதற்கு, மாதாவிடம் சொன்னது பாவசங்கீர்த்தனம் மாதிரி ரகசியம், அதைத் தான் கேட்கவே இல்லை என்றார். கடலை தின்றுகொண்டிருந்தவர்கள் பொட்டலத்தை மடித்துப் போட்டுவிட்டுக் கலைந்தார்கள். மந்திலாவைப் பூந்திக்கொட்டையில் அலசி நீலம் போட்டு வைக்கச் சொன்னார்கள், அழுக்கு ஏதாவது சேர்ந்திருந்தாலும் இப்படிப் பேசுமாம்.

வீட்டுக்குப் போனதும் சூசையம்மாள் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "ஏட்டி, மனசுல நெனக்கிறத எல்லாம் கோயிலுக்குப் போகு முன்னயே நெனச்சி முடிச்சிரு மக்கா" என்றாள். பெற்ற தாய். எனக்கு அவள்மேல் கோபம் வருகிறது, இன்றைக்கும் வருகிறது.

இரண்டாவது ஓலை அன்று ஊரே வந்திருந்தது, பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆள் வந்திருந்தது. உதறினார்கள். "மாதாவே, அசுந்தா வழுக்கி விழல்ல. அவன்தான் முறுக்குனான். ஆசுபத்திரிக்குக் கூடப் போவக்கூடாதுன்னு சொன்னானுவ, நாந்தான் வைத்தியர்ட்ட கூட்டிட்டுப் போனேன். அவ கைய நீட்டச் சொல்லுங்க எல்லாரும்."

எல்லோரும் அசுந்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தூணை ஒட்டி நின்றிருந்தாள், கையைச் சேலைக்குள் வைத்திருந்தாள். நீட்டு என்று ஒரு வாய் சொல்லவில்லை. அங்கே நின்ற எத்தனையோ பேர் அவளுக்கு ஞானஸ்நானத்தின்போது கைபிடித்தவர்கள், முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு மாலை போட்டவர்கள். லெயோன் பைக்கின்மேல் உட்கார்ந்து சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தான். கமிட்டி கோயிலுக்குப் பின்னால் போய்க் கூடிப் பேசிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னது. மந்திலாவில் மாட்டுவது ஆசை மட்டும்தான், இப்போது விழுந்தது ஆசை அல்ல, தகவல், தகவல் எப்படியோ தவறி உள்ளே நுழைந்திருக்கிறது, நல்ல மீனோடு சொறிமீன் வருவது மாதிரி, அதைப் பொறுக்கி எறிந்துவிடவேண்டியதுதான். ஊருக்கு ரொம்ப நிம்மதியாகப் போயிற்று. தீர்ப்பில் இருந்த நுணுக்கத்தைச் சில பேர் பாராட்டவும் செய்தார்கள். இவர்களோடு ஒரே கிணற்றில் நானும் தண்ணீர் குடிக்கிறேன் என்பதை நினைத்தால் எனக்குத் தொண்டை கசக்கிறது.

மூன்றாவது ஓலைக்கு மதலேன் மந்திலாவுக்குக் கீழே பேசாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடவில்லை, கையைக் கூப்பவில்லை. மாதாவிடம் சொன்னதை ஊர் கேட்டது, ஊர் கேட்டும் ஒன்றும் செய்யவில்லை, மாதாவுக்கோ ஒன்றும் போய்ச் சேரவில்லை, அப்புறம் எதற்காகக் கேட்பது. அன்று உதறினார்கள், வெறும் காற்றுதான் வந்தது. திருப்பிப் பிடித்து உதறினார்கள், ஒன்றும் விழவில்லை. மனம் மாறிவிட்டது, சம்மதித்துவிட்டாள் என்று எவுஜினம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெறும் வலையோடு கரைக்கு வந்த நாளில் இந்த ஊர் ஒருபோதும் சிரித்துப் பார்த்ததில்லை, அன்று சிரித்தது.

கலியாணத்தன்று கோயிலுக்குப் பின்னால் பந்தல் போட்டு, பிரியாணி அண்டாக்கள் ஏறியிருந்தன. மதலேன் வெள்ளைப் பட்டும் வெள்ளை மந்திலாவும் போட்டுப் பீடத்துக்கு முன்னால் நின்றாள். முழு மனதோடு சம்மதிக்கிறாயா என்று சாமியார் லெயோனைக் கேட்டார், சம்மதிக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னான். அவளைக் கேட்டார்.

அவள் இரண்டு கையையும் தூக்கிச் சீப்பை உருவினாள், மந்திலாவைத் தலையிலிருந்து எடுத்தாள், எடுத்ததை எவுஜினம்மாளின் கையில் கொடுத்தாள். வெறுந்தலையோடு எங்கள் பக்கம் திரும்பினாள். "எனக்கு இவரு வேண்டாம். இந்தக் கலியாணத்துக்கு நான் சம்மதிக்கல்ல. மாதாட்ட சொல்லல்ல, உங்ககிட்டதான் சொல்லுதேன், என் வாயாலயே சொல்லுதேன். எல்லாருக்கும் கேட்டுச்சா?"

ஐஸ் மெஷின் இரைச்சலையே மிஞ்சிய குரல். கோயில் மணிக்கூண்டில் இருந்த புறாக்கள் பறந்தன. பிரியாணி கிண்டிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியை நிறுத்தினார்கள். கோயிலுக்குள் இருந்தவர்கள் மட்டும் அவளைப் பார்க்கவில்லை. அவர்கள் எல்லோரும், சாமியாரிலிருந்து வியாகுலம்வரை, எவுஜினம்மாளின் கையில் இருந்த மந்திலாவைப் பார்த்தார்கள். பழக்கம் அப்படி. உதறிப் பார்ப்போம் என்று யாரோ சொன்னார், ஆமாம் ஆமாம், உதறினால் தெரிந்துவிடும் என்றார்கள். கோயில்பிள்ளை ஒரு முனையைப் பிடித்தார், கஸ்பார் மறு முனையைப் பிடித்தார். உள்ளே காற்று இல்லை என்று கொடிமரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். ஊர் மொத்தமும் பின்னால் போயிற்று. ஆளாளுக்கு ஓரத்தைப் பிடித்தார்கள், பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள், தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார்கள், உதறினார்கள், உதறிவிட்டுக் கேட்டார்கள், திரும்ப உதறினார்கள். ஒரு சொல் விழவில்லை. எப்படி விழும், அவள்தான் அதைக் கழற்றிவிட்டுப் பேசினாளே. எனக்கு அது தெரிந்தது, நான் சொன்னேன், சும்மா இருங்கள், கேட்கவிடுங்கள் என்று என்னை அதட்டினார்கள்.

அசுந்தாவை யாரும் ஓரம் பிடிக்கக் கூப்பிடவில்லை, அந்தக் கையால் பிடித்து உதற முடியாது. அவள் கோயிலுக்குள்ளேயே இருந்தாள். மதலேன் பக்கவாசல் வழியாக இறங்கிப்போனபோது அவள் எழுந்து, "எனக்குக் கேட்டுச்சு மதலேன், நானும் வாரேன்" என்று பின்னாலேயே போனாள். உள்ளே திரும்பிய கோயில்பிள்ளை மெழுகுதிரிகளைத் தவிர ஒன்றையும் பார்க்கவில்லை.

வெளியே கஸ்பார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மந்திலாவில் தடை ஒன்றும் விழவில்லை, ஆகவே பெண்ணுக்குச் சம்மதம் என்று அறிவித்தார். ஊர் கைதட்டியது. தாலியைத் தட்டில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள், கட்டுவதற்குக் கழுத்து இல்லை.

தேடினார்கள். சாமியார் உடுப்பு மாற்றுகிற சக்கிறிஸ்தியில் தேடினார்கள், பாடகர் மாடியில் தேடினார்கள். பிறகு களைத்து உட்கார்ந்தார்கள். பிரியாணி தயாராக இருந்தது, வாசம் கோயிலுக்குள் வந்துகொண்டிருந்தது, அந்த வாசத்தில் கமிட்டியின் மூளை வேலை செய்யத் தொடங்கியது. சம்மதம் எங்கிருந்து கிடைத்தது? மந்திலாவிலிருந்து. ஓலை வாசித்தாயிற்று, சம்மதம் வந்தாயிற்று, பந்தியும் காத்திருக்கிறது. சம்மதம் தந்தது எதுவோ அதற்கே கட்டிவிடுவதில் என்ன தவறு என்று கஸ்பார் கேட்டார். சாமியார் கொஞ்சம் தயங்கினார், திருச்சபைச் சட்டத்தில் இதற்கு ஆதரவாக ஒன்றும் இல்லை என்றார், எதிராகவும் ஒன்றும் இல்லை என்று பிறகு அவரே சொன்னார். சீப்பை ஒரு நாற்காலியில் நிறுத்தி, மந்திலாவை அதன்மேல் விரித்து, சீப்பின் கழுத்தில் லெயோன் தாலி கட்டினான். ஊர் அட்சதை போட்டது, பாடகர்கள் பாடினார்கள், புகைப்படம் எடுத்தார்கள். பந்தியில் இரண்டாம் முறை கேட்டவர்களுக்கும் கறி கிடைத்தது. அசுந்தாவைக் காணோம் என்பது எவுஜினம்மாளுக்குத் தெரிந்தது மறுநாள் காலை காப்பி வராதபோதுதான்.

வியாகுலத்தின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. கமிட்டிக் கணக்குப்படி அவர் மகள் அந்த வீட்டில்தான் வாழ்கிறாள், ஆகவே அவர் முதலாளிக்குச் சம்பந்தி, கோயிலில் இப்போது முன்வரிசையில் உட்காருகிறார். மதலேனும் அசுந்தாவும் தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனிக்குப் பக்கத்தில் வீடு எடுத்து இருக்கிறார்கள். அசுந்தா நல்ல கையால் ஐஸ் பெட்டி ஏற்றுகிறாள், மற்றக் கையால் துணைபிடிக்கிறாள். மார்க்கெட்டில் எங்கள் ஊர்க்காரர்கள் எதிரே வந்தால் மதலேன் அவர்களின் முகத்தை நேராகப் பார்த்து, சௌக்கியமா என்று உரக்கக் கேட்கிறாள். அவர்கள் அவள் தலைக்கு மேலே பார்த்துவிட்டு நகர்ந்துபோகிறார்கள். நான் மட்டும் நின்று பதில் சொல்லுவேன்.

வெள்ளை மந்திலா வில்லவராயர் வீட்டு முன்னறையில் சீப்பின்மேல் தாலியோடு நிற்கிறது. எவுஜினம்மாளுக்குத் தன் மருமகளைப் பற்றிப் பேசி அலுக்கவில்லை. எதிர்த்துப் பேசுவதில்லை, வெளியே சுற்றுவதில்லை, சாப்பாட்டில் குறை சொல்வதில்லை, மகன் எப்போது வந்தாலும் வைத்த இடத்திலேயே காத்திருக்கிறாள். ஞாயிறுதோறும் அதை நாற்காலியோடு தூக்கிவந்து கோயிலில் முன்வரிசையில் வைக்கிறார்கள். ஊர்ப் பெண்கள் தங்கள் மருமகள்களிடம் அதைக் காட்டி, பார்த்துக் கற்றுக்கொள் என்கிறார்கள்.

போன ஞாயிறும் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு கிழிசல் இருந்தது. காதுக்குப் பக்கத்தில் தொடங்கிக் கழுத்துவரைக்கும், இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால்தான் அப்படிக் கிழியும். பூசை நடக்கிறபோது பின்னால் இருந்த நாங்கள் எல்லோரும் அந்தக் கிழிசல் வழியாகத்தான் பீடத்தைப் பார்த்தோம், பல நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் பீடம் தெரிந்தது. லெயோன் வாசலில் பைக்கின்மேல் உட்கார்ந்திருந்தான். அவனிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பூசை முடிந்ததும் கோயில்பிள்ளை கிழிசலை உள்பக்கமாக மடித்துப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போலக் கொடிமரத்தடியில் உதறினார். ஒன்றும் விழவில்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறாள் என்று சொல்லி ஊர் கலைந்து போனது.